திறமைக்கு முதல் சுற்று, நடத்தைக்கு நான்காம் சுற்று: டிராஃப்டில் இப்படிக் கணக்கிடுவது சரியா?

ஏழாம்சுற்று (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வோர் ஆண்டும், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தெரிவு செய்யும் டிராஃப்டுக்கு முன்னதாக நாங்கள் சிலர் ஆளுக்கோர் அணியின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றுக்கொண்டு, ஏழு சுற்றுகளையும் ஒத்திகையாக நடத்திப் பார்ப்பது வழக்கம். இம்முறை ஒரு வைட் ரிசீவரை (எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடும் ஆட்டக்காரரை) முன்வைத்து எழுந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் மீதான வழக்கு முடியாததால் பெயரைத் தவிர்க்கிறேன். களத்தில் அவர் ஆடியதை மட்டும் பார்த்தால் முதல் பத்து இடங்களுக்குள் போக வேண்டியவர். ஆனால் கல்லூரிக் காலத்தில் ஒரு கைதும், போதைப்பொருள் சோதனையில் ஒரு தோல்வியும் உண்டு. எங்களில் ஒருவர், "திறமைக்கு முதல் சுற்று, நடத்தைக்கு நான்காம் சுற்று, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டாம் சுற்றின் கடைசி" என்று சொல்லி, அதே இடத்தில் அவரை எடுத்தும் விட்டார்.

கணக்கு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சராசரி எதைக் குறிக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. இப்படிப்பட்ட வீரர் ஒன்று முழுமையாகக் கிடைப்பார், இல்லையேல் கிடைக்கவே மாட்டார். இரண்டாம் சுற்றுத் தரத்தில் ஒருவர் வந்து நிற்பது அரிது. ராண்டி மாஸ் என்ற வைட் ரிசீவர், நடத்தை பற்றிய ஐயங்களால் 1998இல் 21ஆம் இடம் வரை சரிந்து மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போனார். முதல் பருவத்திலேயே 17 டச்டவுன்களை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்க்கும் புள்ளிகளை) பிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, நடத்தைப் புகார் இருந்தும் லாரன்ஸ் பிலிப்ஸை ஆறாம் இடத்தில் எடுத்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ், அதே டிராஃப்ட் நாளில் தன்னிடம் இருந்த ஜெரோம் பெட்டிஸைப் பிட்ஸ்பர்குக்கு மாற்றிக் கொடுத்தது. பிலிப்ஸ் 1997 நவம்பரில் ராம்ஸ் அணியிலிருந்து நீக்கப்பட்டார். பெட்டிஸோ 13,662 யார்டு ஓடி முடித்து, 2015இல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார். மாஸ், பிலிப்ஸ் ஆகிய இருவரின் சராசரி என்று ஒரு வீரரைக் காட்ட முடியுமா?

ஆகவே என் ஐயம் இதுதான். களத்துக்கு வெளியே உள்ள ஆபத்தைத் தெரிவின் இடத்தில் தள்ளுபடியாகக் கழிக்க வேண்டுமா, அல்லது எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, எடுக்கலாம் என்றால் திறமைக்கு உரிய இடத்திலேயே எடுக்க வேண்டுமா?

பழைய ஏடு

உங்கள் நண்பருடைய கணக்கில் பிழை இருக்கிறது. ஆனால் தள்ளுபடி என்ற எண்ணமே பிழை என்று நான் கருதவில்லை. டிராஃப்ட் தெரிவு என்பதே பணம் போன்றது, அணிகள் தமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்வது. டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சன், தெரிவுகளுக்கு மதிப்பிட்ட பட்டியலில் முதல் தெரிவுக்கு 3,000 புள்ளிகள், 32ஆம் தெரிவுக்கு 590 புள்ளிகள். இந்தச் சரிவைப் பார்த்தால், எட்டாம் இடத்தில் ஒருவரை இழப்பதும் அறுபதாம் இடத்தில் அவரையே இழப்பதும் ஒன்றல்ல என்பது விளங்கும். முழுமையாகக் கிடைப்பார் அல்லது கிடைக்கவே மாட்டார் என்று நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும், கிடைக்காமல் போனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது.

பழைய உதாரணங்களை இன்றைக்குப் பொருத்தும்போது பலரும் மறந்துவிடுவது லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம். 2010இல் முதல் தெரிவான சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் கொடுத்தது 7 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள ஆறாண்டு ஒப்பந்தம். அதில் 5 கோடி உறுதியளிக்கப்பட்ட தொகை. மறு ஆண்டு முதல் தெரிவான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். புதிய வீரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தபின், முதல் சுற்றில் ஒருவரைத் தவறாக எடுத்தால் அணியின் கஜானா கவிழ்ந்துவிடும் என்ற நிலை மாறிவிட்டது. போதாததற்கு, இடைநீக்கம் செய்யப்பட்டால் எஞ்சிய உறுதித்தொகை ரத்தாகும் என்ற விதியையும் அணிகள் ஒப்பந்தங்களில் எழுதிக்கொள்கின்றன. ஆகவே பண ஆபத்தில் பெரும்பகுதியை இன்று வீரரே சுமக்கிறார். அணி இழப்பது தெரிவையும், அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடாமல் கழித்த ஆண்டுகளையும்தான். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 2012இல் ஏழிலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறிச்சென்று ஜஸ்டின் பிளாக்மனை எடுத்தது. மது அருந்தி வண்டி ஓட்டியதாகக் கல்லூரிக் காலத்திலேயே ஒரு கைது இருந்தது. டிராஃப்ட் முடிந்த சில வாரங்களில் அதே காரணத்துக்காக இன்னொரு கைது. மொத்தம் 20 ஆட்டங்கள் ஆடினார், 2013 நவம்பரில் காலவரையற்ற இடைநீக்கம், அதன்பின் அவர் திரும்பவே இல்லை. அவர் வருவார் வருவார் என்று அந்த அணி காத்திருந்ததன் விலை எந்தப் புள்ளிப்பட்டியலிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நடத்தை" என்ற ஒரே பெட்டிக்குள் கஞ்சாவையும் கைகலப்பையும் சேர்த்துப் போடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கஞ்சா சோதனையில் தோற்றவரால் ஏற்படும் ஆபத்து, பெரும்பாலும் லீகின் விதியால் உண்டாகும் ஆபத்து. விதி மாறினால் ஆபத்தும் மாறிவிடும். ராண்டி கிரெகரி 2015இல் டிராஃப்டுக்கு முந்தைய இண்டியானாபோலிஸ் தேர்வு முகாமிலேயே அந்தச் சோதனையில் தோற்று 60ஆம் இடத்துக்குச் சரிந்தார். எடுத்த டல்லஸ் அணி, இடைநீக்கங்களால் 2017, 2019 ஆகிய இரு பருவங்களிலும் அவரை ஓர் ஆட்டத்தில்கூடப் பார்க்கவில்லை. 2020 கூட்டு ஒப்பந்தம் வந்தபின், கஞ்சா சோதனையில் தோற்றதற்காக மட்டும் ஒருவரை ஆட்டத்திலிருந்து விலக்கும் வழக்கம் நின்றது. சோதனைக்கான காலமும் பயிற்சி முகாமின் தொடக்கத்தை ஒட்டிச் சுருங்கியது. அதே வீரர், அதே பழக்கம், ஆனால் தள்ளுபடி வேறு. உங்கள் நண்பர் எடுத்தவருடைய சோதனைத் தோல்வி எந்தப் பொருளுக்கானது, கைது எதற்கானது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் "நான்காம் சுற்று" என்று எப்படி மதிப்பெண் போட்டார்?

கோட்டுக்கு வெளியே

பழைய ஏடு அவர்கள் பிரித்துக் காட்டிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இருவருமே ஓர் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். நாம் எடைபோடுவதாகச் சொல்லும் அந்த ஆபத்தை உண்மையில் நம்மால் பார்க்க முடிகிறதா?

ஏரன் ஹெர்னாண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அவர் நான்காம் சுற்றில் 113ஆம் இடம் வரை சரிந்தபோது அணிகள் வெளிப்படையாகக் கவலைப்பட்டது கஞ்சாவைப் பற்றி. அந்தக் கவலைக்கு உரிய தள்ளுபடியில் வாங்கிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், இரண்டு ஆண்டுகள் அவர் ஆடியதைப் பார்த்து மனநிறைவு கொண்டு, 2012 ஆகஸ்டில் பெருந்தொகைக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. 2013 ஜூனில் கொலை வழக்கில் கைதானார், 2015இல் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. குறித்து வைத்த ஆபத்து ஒன்று, வந்து நின்றது வேறொன்று. டிராஃப்ட் நாளில் அவருக்குப் போட்ட தள்ளுபடி சரியாக இருந்தது என்றோ தவறாக இருந்தது என்றோ சொல்வதற்கே பொருளில்லை.

எதிர்ப்புறத்தையும் பாருங்கள். 2020இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணிக்கு முதல் சுற்றில் இரண்டு தெரிவுகள் இருந்தன. பன்னிரண்டாம் இடத்தில் எடுத்த ஹென்றி ரக்ஸ் மீது டிராஃப்டுக்கு முன் பேசத்தக்க புகார் எதுவும் இல்லை. 19ஆம் இடத்தில் எடுத்த டேமன் ஆர்னெட்டின் நடத்தை குறித்து முன்பே ஐயங்கள் பேசப்பட்டன. 2021 நவம்பரில், ஒரே மாதத்தில், இருவரையும் அந்த அணி நீக்க நேர்ந்தது. ரக்ஸ் மது அருந்திவிட்டு அதிவேகமாக ஓட்டிய வண்டி மோதி ஒரு பெண் உயிரிழந்தார். அவர் பின்னர் சிறை சென்றார். ஆர்னெட் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய காணொளி வெளியாகி நீக்கப்பட்டார். மதிப்பீட்டுத் தாளில் ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்கு மஞ்சள் என்று வைத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றாகவே வந்தது. ஓர் அணியின் கதையை வைத்து விதி எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூய்மையான கோப்பு என்பது பெரும்பாலும் "இதுவரை எதுவும் நமக்குத் தெரியவரவில்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

வதந்தியின் விலை இன்னும் மோசம். 1983இல் டான் மரினோவுக்கு முன்னதாக ஐந்து குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) எடுக்கப்பட்டார்கள். அவரைச் சுற்றிப் போதைப் பழக்கம் பற்றிய பேச்சு உலவியது. அது மெய்ப்பிக்கப்படவே இல்லை. 27ஆம் இடத்தில் எடுத்த மயாமி டால்ஃபின்ஸுக்கு, மறு ஆண்டே அவர் 5,084 யார்டுகளும் 48 டச்டவுன்களும் எறிந்து கொடுத்தார். 2015இல் லயல் காலின்ஸின் நிலை இதைவிடக் கொடியது. முதல் சுற்று வீரராக மதிக்கப்பட்டவர். டிராஃப்டுக்குச் சில நாட்களுக்கு முன், அவருக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கொலை தொடர்பாகக் காவல்துறை அவரிடம் பேச விரும்புவதாகச் செய்தி வந்தது. அவர் சந்தேகத்துக்கு உரியவர் அல்லர் என்று காவல்துறையே கூறியும், ஏழு சுற்றுகளிலும் ஓர் அணிகூட அவரைத் தொடவில்லை. விசாரணைக்கு அவர் ஒத்துழைத்த பின் டல்லஸ் தெரிவு எதையும் செலவிடாமல் அவரைச் சேர்த்துக்கொண்டு, முதல் பருவத்திலேயே தொடக்க வரிசையில் நிறுத்தியது. இந்த முப்பத்திரண்டு அணிகளிடமும் புலனாய்வுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

எனவே என் விடை: தள்ளுபடியை ஆபத்தின் அளவுக்கு ஏற்பக் கணிக்காதீர்கள், உங்களிடம் இருக்கும் தகவலின் தரத்துக்கு ஏற்பக் கணியுங்கள். நீதிமன்றப் பதிவா, பயிற்சியாளர் நேரில் சொன்னதா, யாரோ யாரிடமோ சொன்னதாகச் செய்தியாளர் எழுதியதா? பின்னால் உள்ளதற்கு அணிகள் கொடுக்கும் எடை மிக அதிகம் என்பதே என் எண்ணம்.

மூன்றாவது குரல்

இவ்வளவு நேரமும் ஆபத்து யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே.

அணிக்கு ஆபத்து என்றால் தெரிவு வீணாகும், இருக்கைகள் காலியாகும், விளம்பரதாரர் முகம் சுளிப்பார். இவற்றுக்கெல்லாம் தள்ளுபடி போடலாம். ஆனால் ஒருவர் இன்னொருவரை அடித்திருக்கிறார் என்றால், அவர் மறுபடியும் அடிப்பாரா என்ற ஆபத்தைச் சுமப்பவர் பொது மேலாளர் அல்லர். அவருடன் வாழும் பெண்ணோ குழந்தையோதான். ஐந்தாம் சுற்றில் எடுத்ததால் அவர்களுக்கு எந்தத் தள்ளுபடியும் கிடைப்பதில்லை. டைரீக் ஹில், கருவுற்றிருந்த காதலியைத் தாக்கிய வழக்கில் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த நிலையிலேயே மறு ஆண்டு 165ஆம் இடத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியால் எடுக்கப்பட்டார். பிறகு அவர் ஓடிய ஓட்டத்தைச் சொல்லி அதை "டிராஃப்ட் வரலாற்றின் மலிவான வேட்டை" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது, மலிவாக்கப்பட்டது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

கோட்டுக்கு வெளியே அவர்கள் தகவலின் தரம் பற்றிச் சொன்னார். நான் பார்த்தவரை அணிகள் அஞ்சுவது தகவலைக் கண்டு அல்ல, காணொளியைக் கண்டு. ஜோ மிக்சன் ஓர் உணவகத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தியது 2014இல். அவரது பல்கலைக்கழகம் அந்தப் பருவம் முழுவதும் ஆடவிடாமல் நிறுத்தியதால் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் காணொளி பொதுவெளிக்கு வந்த 2016 டிசம்பருக்குப் பிறகுதான் அவர் டிராஃப்டில் இருக்கலாமா என்ற விவாதம் கொதித்தது. கடைசியில் சின்சினாட்டி பெங்கால்ஸ் 48ஆம் இடத்தில் எடுத்தது. வருங்கால மனைவியைத் தாக்கிய பால்டிமோர் வீரர் ரே ரைஸ் விவகாரத்திலும் முதலில் இரண்டே ஆட்டத் தடை. மின்தூக்கிக்குள் நடந்தது திரையில் தெரிந்த பிறகுதான் அணி அவரை நீக்கியது, லீக் காலவரையறையின்றித் தடை விதித்தது. குடும்ப வன்முறைக்கு ஆறு ஆட்டத் தடை என்ற அடிப்படையே அந்த 2014இல் வந்ததுதான். மறுமுனையில், யாரையும் காயப்படுத்தாத லாரமி டன்சிலைப் பாருங்கள். 2016 டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, அவர் முகமூடி வழியாகக் கஞ்சா புகைக்கும் பழைய காணொளியை அவருடைய சமூக ஊடகக் கணக்கிலேயே யாரோ வெளியிட்டார்கள். அவர் 13ஆம் இடத்துக்குச் சரிந்தார். அவரை எடுத்த மயாமி மூன்று ஆண்டுகள் ஆடவைத்துவிட்டு, இரண்டு முதல் சுற்றுத் தெரிவுகளும் மேலும் சிலவும் பெற்றுக்கொண்டு ஹியூஸ்டனுக்கு மாற்றியது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணிகள் அளந்தது நடத்தையை அல்ல, வெட்கத்தை.

ஆகவே கேட்டவருக்கு என் விடை சுருக்கமானது. பிறரைத் தாக்கியது நிறுவப்பட்டிருந்தால் அது இடத்தைத் தீர்மானிக்கும் செய்தி அல்ல, பட்டியலில் பெயர் இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் செய்தி. மற்றவை எல்லாவற்றுக்கும் பழைய ஏடு சொன்ன கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஏடு

மூன்றாவது குரல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பத்தொன்பது வயதில் செய்ததற்காக ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் கதவைச் சாத்துவதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு வீரருக்கு மட்டும் உரியதல்ல. லாரன்ஸ் பிலிப்ஸ் 1995இல் முன்னாள் காதலியைத் தாக்கியபோது நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஆறு ஆட்டங்கள் மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, பருவ இறுதியில் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் மறுபடி இறக்கியது. அவரும் மூன்று டச்டவுன்கள் போட்டார். எதைச் செய்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துவிடுவார்கள் என்பதைத் தவிர அவர் வேறெதைக் கற்றிருப்பார்? (கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை என்று யாரும் திருத்த வர வேண்டாம்.)

முதலில் நான் விட்டுவிட்ட ஒன்றை இப்போது சேர்க்கிறேன். மாஸ் கதையை எல்லோரும் 21 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிச் சண்டை வழக்கால் நோட்ரடாம் பல்கலைக்கழகம் கைவிட்டது, கஞ்சாவால் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் கைவிட்டது, கடைசியில் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஆடினார். எட்டாம் இடத்தில் இருந்த டல்லஸ் அவரை விடுத்து கிரெக் எல்லிஸ் என்ற தற்காப்பு வீரரை எடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் நன்றி தெரிவித்தல் நாளன்று மாஸ் அதே டல்லஸில் மூன்றே பந்துகளைப் பிடித்து 163 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார். எல்லிஸும் பல ஆண்டுகள் நன்றாகவே ஆடினார் என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனால் மின்னசோட்டாவில் மாஸுக்கு முன்பே அதே வரிசையில் நின்றிருந்தவர் கிரிஸ் கார்ட்டர். அந்தக் கார்ட்டர் யார்? மதுவாலும் போதையாலும் 1990இல் ஃபிலடெல்ஃபியா தூக்கி எறிந்தவர். நூறு டாலர் கட்டணத்துக்கு வைக்கிங்ஸ் எடுத்துக்கொண்டவர். பழக்கத்தை விட்டு எழுந்து, பின்னர் புகழ் மண்டபம் வரை போனவர். புதிதாக வந்த இளைஞனிடம் அவர் பேசியதை எந்த ஆலோசகரும் பேசியிருக்க முடியாது. டைரன் மேத்யூ போதை விதியை மீறியதற்காகக் கல்லூரி அணியிலிருந்து நீக்கப்பட்டு ஓராண்டு ஆடாமல் இருந்தவர். 2013இல் 69ஆம் இடத்தில் அவரை அரிசோனா எடுத்தபோதும், முன்னாள் கல்லூரித் தோழர் பேட்ரிக் பீட்டர்சன் அங்கே இருந்தார். இரண்டே ஆண்டில் மேத்யூ லீகின் தலைசிறந்த தற்காப்பு வீரர்களில் ஒருவரானார். எனவே இந்த வீரர் எத்தனையாம் இடத்துக்குத் தகுவார் என்று பொதுவாகக் கேட்பதே முழுமையான கேள்வி அல்ல. எந்த அணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஓர் அணிக்குப் பதினைந்தாம் இடத்தில் சரியாக இருப்பவர், இன்னோர் அணிக்கு நூறாம் இடத்திலும் தவறாக இருக்கலாம்.

ஏழாம்சுற்று

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது குரல் கேட்டதைப் படித்தபின் அந்தக் கைது எதற்காக என்று முதன்முறையாக முழுமையாகப் படித்துப் பார்த்தேன். ஒத்திகை நடந்தபோது எங்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். யாரையும் தாக்கிய வழக்கு அல்ல, வண்டி ஓட்டியது தொடர்பானது. பிளாக்மனும் ரக்ஸும் நினைவுக்கு வருவதால் அது சிறிய விஷயம் என்றும் இனிச் சொல்ல மாட்டேன்.

தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்ற என் கேள்வியே சற்று அவசரமாகக் கேட்கப்பட்டது என்று தெரிகிறது. எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி, கையில் உள்ள செய்தி எவ்வளவு நம்பத்தக்கது என்பது இரண்டாவது, இழந்தால் எதை இழப்போம் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால் மற்ற இரண்டுக்கும் வேலையில்லை. நண்பர் மூன்றையும் ஒரே எண்ணாக்கியதுதான் எனக்கு உறுத்தியிருக்கிறது.

பழைய ஏடு அவர்களின் இரண்டாவது பதிவைப் படித்துவிட்டு இன்னொன்றும் செய்தேன். நண்பர் பொறுப்பேற்றிருக்கும் அணியின் வைட் ரிசீவர் வரிசையை எடுத்து, அந்த இளைஞர் போய் உட்காரும் அறையில் மூத்தவர் யார் என்று தேடினேன். மூத்தவருக்கு வயது இருபத்து மூன்று. அடுத்த ஒத்திகைக்கு முன் நண்பரிடம் இதைத்தான் கேட்கப் போகிறேன்.